நகத்தின் மேல் புள்ளிக்கோலம்

புனேயின் புத்வார் பேட்டையில் துளசிபாக் என்று ஒரு சந்தை இருக்கிறது. நடுவில் பேஷ்வா காலத்து ராமர் கோயில். அதைச் சுற்றி வளையல், பாத்திரம், கவரிங் நகை, குங்குமம், சீப்பு. ஊரின் முதல் மரியாதைக்குரிய 'மானாச்சே கணபதி' ஐந்தில் நான்காமவர் இங்கேதான் உட்காருகிறார். ஆவணி பிறந்துவிட்டால் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலிலும் நெயில் பாலிஷ் தட்டின் முன் நின்று, விரலுக்கு ஒரு நிறமாகத் தடவிப் பார்க்கும் கல்லூரிப் பெண்கள் நகர மாட்டார்கள். சில வருஷங்களாகத் தட்டில் புதுச் சாமான்களும் சேர்ந்திருக்கின்றன: முனை உருண்ட புள்ளிக் குச்சி, முடியளவு தூரிகை, அச்சுத் தகடு, பொடிக் கற்கள். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு நீல வெளிச்ச விளக்கு. என் வழக்கு அந்த விளக்கோடுதான். மற்றவற்றுக்கெல்லாம் நான் கட்சிக்காரி.

வீட்டில் உட்கார்ந்து நகத்தில் படம் வரைவதை வெட்டி வேலை என்று சொல்பவர்கள் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அதுவும் வளைந்த தளம். பூச்சோ, கை யோசிப்பதற்குள் காய்ந்துவிடும். வாசலில் நாம் போடும் புள்ளிக்கோலத்துக்கு மராட்டியில் 'டிப்க்யாஞ்சி ராங்கோளி' என்று ஓர் அக்கா உண்டு. இரண்டிலும் புள்ளி முதலில், கோடு பிறகு. நகத்திலும் அதே ஒழுங்குதான். குண்டூசியின் கொண்டையைப் பூச்சில் தொட்டு ஐந்து புள்ளி வைத்து, ஈரம் காயுமுன் ஒவ்வொன்றையும் பல்குச்சி முனையால் நடுவை நோக்கி இழுத்தால் பூ. இதற்குப் புள்ளிக் குச்சிகூட வேண்டாம். கோலம் போட்டுப் பழகிய கைக்கு அரைமணி நேரப் பயிற்சி போதும்.

ஆனால் பலர் வரைவது இதை அல்ல. காணொளியில் பார்த்த பளிங்குக் கோலத்தைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் நிறம் நிறமாகச் சொட்டுவிட்டு, குச்சியால் கீறி, விரலை முக்கி எடுக்கும் வித்தை. நானும் ஒரு மழைக்கால ஞாயிறு முழுவதும் செய்தேன். தண்ணீர் சில்லென்று இருந்ததால் சொட்டு பரவவில்லை. வெதுவெதுப்பாக்கினேன், ஆடை படிந்து குச்சியோடு சுருண்டு வந்தது. கடைசியில் நகத்தைவிட விரல்தான் அதிகம் நிறம் கண்டது. காணொளியில் இது நாற்பது நொடி. வீணான சீசாவையும் தோற்ற தடவைகளையும் வெட்டியெறிந்த நாற்பது நொடி. நீண்ட, நேரான, ஒரு பாத்திரமும் தேய்க்காத நகத்தில் செய்து காட்டியதைக் குட்டை நகத்துக்கு இறக்கினால் பட்டை பட்டையாகத்தான் வரும்.

வீட்டு நகக்கலையின் பெரிய குறை கைத்திறனில் இல்லை, கண்ணில் இருக்கிறது. பக்கத்திலேயே கிடக்கும் மாதிரிகளை யாரும் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தின் வார்லி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முனையோடு முனை சேர்ந்த இரண்டு முக்கோணம் உடல். ஒரு வட்டம் தலை. குச்சிக் கை, குச்சிக் கால். அரிசி மாவை நீரில் குழைத்து மண் சுவரில் தீட்டிய இந்த எழுத்தைக் காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்து உலகம் அறியச் செய்தவர் ஜீவ்யா சோமா மஷே. 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர், 2018இல் மறைந்தார். செம்மண் நிறப் பூச்சின் மேல் வெள்ளையில் ஒரு வார்லி ஆள், கட்டைவிரலில் கச்சிதமாக நிற்பான். இந்தக் கலையின் சிக்கனம் நகத்தின் சிக்கனத்தோடு பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தி நான் பார்க்கவில்லை. பைத்தணிப் பட்டுச்சேலையின் மயிலை நகத்தில் ஏற்றுகிறவர்கள் தோற்பதும் இதனால்தான்: முந்தானைக்கு நெய்த மயில் அது, நகத்துக்குள் வந்தால் கோழி.

சதுர்த்திக்குக் கணபதி முகத்தையே விரலில் வரைவதும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வலது கையில் வரைந்தால் அந்தக் கையால்தான் சாம்பார் பிசைய வேண்டும். பத்தாம் நாள் அசிட்டோனில் விசர்ஜனம் வேறு. கொஞ்சம் யோசிக்கலாம்.

வலது கை என்றதும் இன்னொன்று. இடது கையால் வலது கையில் வரைவது யாருக்கும் சரியாக வருவதில்லை. நகக்கலை ஆளைச் சேர்ப்பது இந்த இயலாமையால்தான். அந்தக் காலத்தில் மருதாணி அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி வைக்க இன்னொருத்தி வேண்டியிருந்தாள். இங்கே அக்காவும் தங்கையும், ஹிஞ்சவடி ஐடி பூங்காவில் வேலை பார்க்கும் அறைத்தோழிகளும், ஒருத்தி கையை இன்னொருத்தி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சலூனில் காசு கொடுத்தால் வேலை சுத்தமாக இருக்கும், இது கிடைக்காது.

சமையலறைதான் இந்தக் கலைக்குச் சோதனைக்களம். நகம் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே ஒட்டியிருக்கும் பூச்சு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓரத்தில் பெயரும். சப்பாத்தி மாவு பிசையும் வீட்டில் அந்தப் பெயர்ந்த சில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிர் நிறம் பூசினால் மஞ்சள்தூள் இரண்டே வேளையில் ஏறிவிடும். பூசியபின் இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் கை வைக்காமல் இருக்க முடிந்த நாளில்தான் பூச வேண்டும். நெயில் பாலிஷின் அடிப்படைச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ், 1920களில் கார்களுக்கு அடித்த வண்ணத்துக்கும் அதுவே. சுலபமாகத் தீப்பிடிக்கும். தீபாவளிக்கு விளக்கேற்றிய கூடத்தில் சீசாவைத் திறப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி அந்த விளக்கு. சாதாரணப் பூச்சு கரைப்பான் ஆவியாகி உலர்கிறது. ஜெல் பூச்சு உலர்வதில்லை; புற ஊதா ஒளி பட்டுத்தான் இறுகுகிறது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விளக்கும் சீசாவும் சேர்ந்தே வருகின்றன. விளக்கு வலுக்குறைந்ததாக இருந்தாலோ, பூச்சு தடிமனாகிப்போனாலோ, மேலே கெட்டியாகி அடியில் பாதி வேகாத ஜெல் தங்கிவிடும். அதிலுள்ள ஹீமா என்ற மெத்தாக்ரிலேட் வகைப் பொருள் நகத்தோரத் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும்: அரிப்பு, கொப்புளம், சிலருக்கு நகம் கழன்று எழும்புதல். ஒருமுறை உடல் இதை எதிரியென்று குறித்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. பல் மருத்துவர் குழி அடைக்கும் கலவையிலும், மூட்டு மாற்று அறுவையில் இடும் பசையிலும் இருப்பது அதே குடும்பத்துப் பொருள் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே வீட்டு ஜெல் பெட்டிகளைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஹீமா கலந்த நகப்பூச்சைத் தொழில்முறையாளருக்கு மட்டும் என்று ஒதுக்கியது. ஜெல்லை இறுகவைக்க உதவும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடையே செய்துவிட்டது.

ஒளியைப் பற்றிய பயமும் உண்டு. 2023இல் வெளிவந்த சான் டியாகோ ஆய்வு, இந்த விளக்குகளின் கதிர் செல்களின் மரபுப்பொருளைச் சேதப்படுத்துவதைக் காட்டியது. ஆனால் அவை ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள். விரலுக்கு அதை அப்படியே பொருத்த நான் தயாரில்லை. ஒவ்வாமைக்கு இருக்கும் சான்றே எனக்குப் போதும்.

"ஜெல் மூன்று வாரம் நிற்கும், பாலிஷ் மூன்று நாளில் போகும்" என்பது எதிர்வாதம். அது உண்மைதான். ஆனால் அந்த மூன்று நாளைக் குறை என்று நான் எண்ணவில்லை. காலையில் போட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டுப் போவதால்தான் மறுநாள் வேறு கோலம் வருகிறது. பிடிக்காத பூவை இரண்டு நிமிடத்தில் பஞ்சால் துடைத்துவிடலாம். ஜெல்லையோ அசிட்டோனில் கால்மணி நேரம் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும்; பொறுமை இல்லாதவர்கள் பிய்த்தெடுப்பார்கள், நகத்தின் மேலடுக்கும் கூடவே வரும். விரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். பிய்த்த இடம் முழுதாக ஆற ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

காய்ந்து இறுகிய சீசாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புனேயில் வீட்டுக்கு வீடு குப்பை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 'ஸ்வச்' கூட்டுறவின் பெண்கள்; கையால்தான் பிரிக்கிறார்கள். சீசாவையும் அசிட்டோன் பஞ்சையும் ஈரக்குப்பையில் எறியாமல், காகிதத்தில் தனியே பொதிந்து, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.

துளசிபாக்குக்குப் போனால் சீசாவில் உற்பத்தியாளர் முகவரியும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இரண்டு நிறம், ஒரு டாப் கோட் வாங்குங்கள். குண்டூசி வீட்டில் இருக்கும். விளக்கைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.