ஆண்மைக்குறைவு என்றொரு சொல்

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலில் போய்வரும் பெண்கள் எல்லோரும் இந்தச் சொல்லைப் படித்திருப்பார்கள். படித்துவிட்டு, படிக்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். தூண்களிலும் கழிப்பறைச் சுவர்களிலும் ஒட்டி, கிழித்து, மறுபடி ஒட்டிய துண்டுத்தாள். ஆண்மைக்குறைவு, நரம்புத் தளர்ச்சி, குழந்தையின்மை, இளமையில் செய்த தவறுகள். கீழே ஒரு கைபேசி எண். அதற்கும் கீழே, 'ரகசியம் காக்கப்படும்.'

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் இந்தத் தாளையும் ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். ஒரே வரிசையில் நான்கு சொற்கள். நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. நரம்புத் தளர்ச்சி என்பது எதை வேண்டுமானாலும் குறிக்கும். குழந்தையின்மை இருவர் சம்பந்தப்பட்டது. 'இளமையில் செய்த தவறு' நோயே அல்ல, பாவ அறிக்கை. முதல் சொல்தான் மற்ற மூன்றையும் தாங்கி நிற்கிறது.

விறைப்பு ஏற்படாமல் போவது உடலின் ஒரு நிகழ்வு. ரத்த ஓட்டம், நரம்பு, ஹார்மோன், மனநிலை, சாப்பிடும் மாத்திரை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. அதை 'ஆண்மைக்குறைவு' என்று அழைத்த மறுகணம் அது உடலைவிட்டு வெளியேறிவிடுகிறது. 'ஆண்மை' என்ற சொல்லுக்குள் ஆளுதலும் வீரமும் அல்லவா இருக்கின்றன. பிறன் மனைவியை நோக்காதிருப்பதையே வள்ளுவர் பேராண்மை என்றார்; சுவரொட்டிக்காரர்களுக்கு அந்தப் பொருள் உதவாது. ரத்தக்குழாய் சுருங்கியவனிடம், 'நீ ஆளும் தகுதியை இழந்தாய்' என்று சொன்னால்தான் அவன் பணத்தோடு வருவான். 'பெண்மைக்குறைவு' என்று எந்தத் தூணிலும் விளம்பரம் இல்லை. நமக்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: மலடி. 'மலடன்' அகராதியில் இருக்கிறான். தெருவில் அவனை நான் சந்தித்ததில்லை.

என்னிடம் முதுகலை படித்த ஒருத்தி சொன்னதை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். திருமணமாகி ஆறு ஆண்டுகள். கணவனுக்கு முப்பத்தெட்டு வயது, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முதல் மூன்று ஆண்டுகளில் இரண்டு மருத்துவமனைகளில் இவளுக்கு ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புக்கான வலிமிகுந்த எக்ஸ்ரே எல்லாம் நடந்தன. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும் விந்துப் பரிசோதனைக்கு மாமியார் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிக்கல் கருவில் இல்லை, படுக்கையில் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கடைசியில் அவனே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு 'ஆண்கள் கிளினிக்'குக்குப் போனான். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய ஆலோசகர். துண்டுத்தாளுக்குச் சட்டை போட்டுவிட்டதுபோல் ஓர் இடம்.

இவளும் ஒருமுறை கூடப் போயிருக்கிறாள். "மேடம், நீங்க வெளிய உக்காருங்க. இது ஆம்பளைங்க விஷயம்." உள்ளே கேட்கப்பட்டதைக் கணவன் பிறகு சொன்னான். எந்த வயதில் கைப்பழக்கம் தொடங்கியது, வாரத்துக்கு எத்தனை முறை. சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கவில்லை. இரவு ஷிப்டைப் பற்றியோ சிகரெட்டைப் பற்றியோ பேச்சே இல்லை. மூன்று மாத 'பேக்கேஜ்', பாதி முன்பணம், மீதி தவணை. லேகியம், சூரணம், பெயர் ஒட்டாத மாத்திரைகள். கதவுக்கு வெளியே உட்கார வைத்தவளைக் கூப்பிட்டு அதையெல்லாம் அவள் கையில்தான் கொடுத்தார்கள், பாலில் கலந்து கொடுக்கச் சொல்லி. மூன்று மாதம் கழித்து மாற்றமில்லை என்று போனபோது ஆலோசகர் கேட்டது ஒரே கேள்வி: "வைஃப் கோ-ஆபரேட் பண்றாங்களா?" அடுத்த பேக்கேஜ் இன்னும் விலை கூடியது.

அவனுக்குச் சர்க்கரை இருப்பது பின்னால் தொழிற்சாலையில் நடந்த மருத்துவ முகாமில் தெரிந்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விறைப்புக் குறைபாடு நீரிழிவின் அடையாளமாக இருக்கலாம். சிலருக்கு நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை; அடைப்பு அங்கே முதலில் தெரிந்துவிடுகிறது. உடல் அனுப்பிய செய்தியை அந்த அறை வாங்கி, கிழித்துப்போட்டுவிட்டு, கைப்பழக்கத்தைப் பற்றி விசாரித்தது. 'மூலிகை' என்று விற்கப்படும் பொருட்களில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவன் அதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். அதைப் பாலில் கலந்து நீட்டியிருப்பவள் மனைவி.

விந்து போனால் உயிர் போகும் என்ற பயம் பழையது. அதனால் வரும் களைப்பையும் பதற்றத்தையும் 1960இல் மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டு எழுதினார். பயம்தான் நோய் என்று மருத்துவம் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பயத்தை வைத்துத்தான் இன்றும் வாடகை கட்டுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடைசெய்கிறது. பாலுறவு இன்பத்துக்கான திறனைக் கூட்டுவதாகச் சொல்லி மருந்தை விளம்பரப்படுத்துவதே குற்றம். அதன் அட்டவணையில் நரம்புத் தளர்ச்சியும் உண்டு, பெண்களின் மலட்டுத்தன்மையும் உண்டு. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. நம் தூண்களுக்கு இந்தச் சட்டம் தெரியாதுபோலும்.

சித்த மருத்துவத்தின் மேல் பழிபோடுவதும் சரியல்ல. 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. அங்கே பகலில், வரிசையில் நின்று, பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்க வேண்டும். அந்த வரிசைதான் ஆண்களுக்குக் கசக்கிறது.

இலக்கியத்திலும் இந்த வரிசையில் நிற்க ஆளில்லை. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் குட்டி ரேவதியும் சல்மாவும் சுகிர்தராணியும் மாலதி மைத்ரியும் தம் உடலைத் தாமே எழுதியபோது எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. அன்று கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் உடலின் தோல்வியை எழுதினார்கள்? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' ஒரு விலக்கு. காளிக்கும் பொன்னாவுக்கும் இடையே ஆசைக்குக் குறைவில்லை, குழந்தைதான் இல்லை. சுவரொட்டி ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கும் இரண்டு விஷயங்களை நாவல் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் அங்கும் பரிகாரம் தேடிப் போக வேண்டியவள் பொன்னாதான். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் பெரியார் ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்றார். பெண் விடுதலைக்காக அதைச் சொன்னார். சர்க்கரை நோயாளி ஒருவனின் சிகிச்சைக்கும் அது தேவைப்படுகிறது.

அந்தப் பெண்ணிடம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றேன். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. செங்கல்பட்டு பக்கம்தான், ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம்கூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"புகார்ல அவர் பேரு, எதுக்குப் போனார்னு எல்லாம் எழுதணுமே மேடம். அதுக்கு அவர் தவணையே கட்டிடறேன்னு சொல்றார்."

இன்னும் நான்கு தவணை பாக்கி.