பொலிஸ் பதிவும் அடுத்த அறையும்: கொழும்புத் தமிழரின் பயம் பற்றிய ஆய்வுகள்

2007 ஜூன் 7 விடியற்புறம், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். கொழும்பில் தங்கத் தக்க காரணம் அவர்களுக்கு இல்லையாம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த நாளைப் பற்றி அறிக்கைகளுக்குக் குறைவில்லை. அதற்கு முன்பே அந்த விடுதிகளுக்குள் தமிழருக்கும் தமிழருக்கும் இடையில் பயம் என்ன செய்து வைத்திருந்தது என்பதைத்தான் மிகச் சிலரே எழுதினார்கள்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் வதந்தியையே முதலில் பிடித்தார்கள். 1883 ஈஸ்டர் ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் வதந்திகளின் நடுவே கத்தோலிக்கரும் பௌத்தரும் மோதியதை ஜி. பி. வி. சோமரத்ன தனிநூலாக எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையின் நடுவில், 29ஆந் திகதி 'புலி வந்துவிட்டது' என்ற பேச்சு கொழும்பில் இன்னொரு கொலைச் சுற்றைத் தொடக்கியது. அடித்தவர்களே தாங்கள் தாக்கப்படுவதாக நம்பினார்கள் என்று 1990இல் ஜோனதன் ஸ்பென்சர் காட்டியது முக்கியமானது. அதே ஆண்டில் வள்ளி கணபதிப்பிள்ளையின் கட்டுரை உயிர்தப்பியவர்களின் பக்கம் திரும்பியது. பிரதீப் ஜெகநாதன் சோதனைச்சாவடியை ஆராய்ந்தார். அருமையான வேலைதான், ஆனால் அதில் சந்தேகிப்பவன் சீருடையில் நிற்கிறான்.

அந்த எல்லையைத் தாண்டியவர் ஷரிகா திராணகம. 2011இல் வந்த அவருடைய நூல், துரோகி என்ற குற்றச்சாட்டு நெருங்கியவர்மேல்தான் விழுகிறது என்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடபகுதி முஸ்லிம்களை வெளியேற்றியதும் அந்நூலில் உண்டு. யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். 2007ஐப் பேசும் நம்மவர் பலர் 1990ஐப் பேசுவதில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைக்காத எந்த ஆய்வையும் நான் பாதி ஆய்வு என்றே சொல்வேன்.

தமிழருக்குள்ளேயே இருந்த இந்தச் சந்தேகத்தைத் தமிழில் முதலில் தொட்டது புனைவு. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' நாவல் 1985இலேயே தமிழ் ஆயுத இயக்கத்துக்குள் நடந்த கொலைகளைச் சொன்னது. போர்க்கால மனித உரிமை மீறல்களைப் பதிந்த 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஷரிகா அவருடைய மகள். இந்தத் துறைக்கு அது வெறும் வாழ்க்கைக் குறிப்பல்ல.

போதிய அளவு எழுதப்படாதது போர்க்காலப் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் தங்கினாலும் பொலிஸுக்குப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்காவிட்டால் வீட்டுக்காரருக்கும் வினையாக முடிந்தது. வன்னியிலிருந்து வந்த பெறாமகனிடம் "எப்ப தம்பி திரும்பிப் போறாய்?" என்று கேட்கவைத்தது அந்தப் படிவம்தான். அறை கேட்டு வந்த பெடியனுக்குச் சொந்த ஊர் கிளிநொச்சி என்றால் அறை இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. சொன்னவரும் தமிழர். பக்கத்து அறைக்காரன் எந்த இயக்கம், யாருக்குத் தகவல் கொடுக்கிறான் என்று தெரியாததால் ஒரே குசினியில் சமைத்தவர்களும் ஊர்ப்புதினம் பேசவில்லை. அரசின் சந்தேகத்தைத் தமிழ் வீட்டுக்காரரே தம் செலவில் நடத்திக்கொடுத்தார் என்பது கசப்பான முடிவு. அதனால்தான் அதைத் தேடிப் போவாரும் குறைவு.

2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த பிறகு சந்தேகம் இடம் மாறியது; சோதனைகள் முஸ்லிம் வீடுகளுக்குப் போயின. அறை இல்லை என்ற பதிலை அப்போது யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதை இப்போதே கேட்டு எழுதலாம். சொல்லக்கூடியவர்கள் காலி வீதியின் இருபுறமும் இன்னும் குடியிருக்கிறார்கள்.