தெரியாததை ஒப்படைக்கும் வசதி

வருமானவரிக் காலம் வந்தால், கனடாவில் மிசிசாகாவின் டன்டாஸ் வீதியிலும் ஹுரொன்ராறியோ வீதியிலும் உள்ள சிறு கணக்கு அலுவலகங்களுக்கு ஏப்ரல் 30 வரை மூச்சுவிட நேரம் இராது. ஒரு குடும்பத்தின் ரி4 சம்பளப் படிவங்கள், கடவுச்சீட்டுப் பிரதிகள், வங்கிக் கூற்றுகள் எல்லாம் ஒரே ஸிப் கோப்பாகச் சுருங்கி மின்னஞ்சலில் வந்து சேரும். அது திறக்க மறுக்கும்போது கிடைக்கும் ஆலோசனையும் இன்று ஒன்றுதான்: "ஒன்லைனில் போட்டுத் திறவுங்கோ." கோப்பை இழுத்துப் போட்டால் போதும், எதையும் நிறுவ வேண்டாம், பதிவு வேண்டாம், காசும் வேண்டாம் என்று, கோப்பை விரித்துத் தரும் இணையத் தளங்கள் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளும் வார்த்தைகளையே பரிந்துரைப்பவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள். இந்தப் பாராட்டில் பாதி நியாயமானது. மத்திய நூலகத்துப் பொதுக் கணினியில் நாம் விரும்பிய மென்பொருளை நிறுவிவிட முடியாது. பழைய ரார் கோப்பு ஒன்றில் எழுத்துருக்களோ, எவரும் தரவிறக்கக்கூடிய மின்னூல்களோ இருந்தால், அதை இணையத் தளத்தில் விரிப்பதால் எவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. அந்த அளவில் இது நல்ல வசதி. அதை மறுப்பது வீண் பிடிவாதம்.

என் ஆட்சேபம் வேறு. படத்தின் வடிவத்தை மாற்றவோ பிடிஎஃப் ஒன்றைச் சுருக்கவோ ஒரு தளத்தை நாடும்போது, எதைக் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம். சுருக்கிக் கட்டிய கோப்பின் இயல்பே இதற்கு எதிரானது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் அதைத் திறக்கிறோம். ஆகவே என்னவென்று தெரியாத ஒன்றைத்தான் முன்பின் அறியாத ஒரு சர்வருக்கு அனுப்பிவைக்கிறோம். அனுப்பிய பிறகுதான் அதனுள் பிள்ளைகளின் சமூகக் காப்புறுதி இலக்கமும் இருந்தது என்பது தெரியவரும். 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் டென்வர் கிளை, இலவசக் கோப்புமாற்றித் தளங்கள் பற்றி எச்சரித்தது. கேட்ட வேலையைச் செய்து கொடுத்தபடியே சில தளங்கள் கணினிக்குள் தீநிரலைப் புகுத்துகின்றன, ஏற்றிய கோப்பிலிருந்து அடையாள எண்களையும் கடவுச்சொற்களையும் உருவி எடுக்கின்றன என்பது அதன் சாரம். அந்த எச்சரிக்கை மாற்றிகளைப் பற்றியது. அதே தந்திரம் பிரித்துத் தரும் தளத்தில் நடந்தால் விளைவு மோசமாகும். மாற்றிக்குக் கிடைப்பது ஒரு தாள், இங்கே கிடைப்பது முழுக் கோப்புறை.

கடவுச்சொல் போட்ட கோப்பில் இந்த முரண் உச்சத்துக்குப் போகிறது. ஸிப் வடிவம் 1989இல் ஃபில் கட்ஸ் வெளியிட்டது; அதன் பழைய பூட்டு பலவீனமானது. 2003 அளவில் ஏஇஎஸ் என்ற வலுவான பூட்டு வந்து சேர்ந்தது. பொறுப்பான ஒருவர் தம் ஆவணங்களை அனுப்பும்போது இந்தப் புதிய பூட்டைத்தான் போடுவார். ஆனால் விண்டோஸ் 10இல் உள்ளமைந்த திறப்பு வசதிக்குப் பழைய பூட்டு மட்டுமே தெரியும். ஏஇஎஸ் கோப்பைக் கொடுத்தால் 'குறிப்பிடப்படாத பிழை' என்று ஒரு இலக்கத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைக்கும் அலுவலர் தேடலில் முதலில் வரும் தளத்தில் அதை ஏற்றுகிறார். தளம் கடவுச்சொல் கேட்கிறது. அதையும் தட்டச்சு செய்கிறார். அதாவது சாதாரணக் கோப்புகள் வீட்டுக் கணினியிலேயே திறந்துவிட, மிகக் கவனமாகப் பூட்டப்பட்டவைதான் தெருவுக்குப் போகின்றன, பெட்டியும் திறப்பும் ஒரே கையில் கொடுக்கப்பட்டபடி. கடவுச்சொல்லைத் தராமல் பாதியில் நிறுத்தினாலும் முழுத் தப்பிப்பு இல்லை. ஸிப் கோப்பில் பூட்டப்படுவது உள்ளடக்கம்தான். கோப்புப் பெயர்களின் பட்டியல் எவரும் வாசிக்கும்படி வெளியே கிடக்கும். 'அம்மா கடவுச்சீட்டு', 'விவாகரத்து மனு' என்று பெயர் வைப்பவர்கள் நாங்கள்தானே.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுமொழி, நல்ல தளங்கள் கோப்பைச் சர்வருக்கே அனுப்புவதில்லை, உலாவிக்குள்ளேயே விரிக்கின்றன என்பது. உண்மைதான். ஈசிஸிப் போன்றவை அப்படித்தான் இயங்குவதாகச் சொல்கின்றன. பக்கம் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, கோப்பு அப்போதும் விரிகிறதா என்று எவரும் சோதிக்கலாம். ஆனால் அவசரத்தில் இருக்கும் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? செய்தாலும் அந்தச் சோதனை அன்றைக்கு மட்டுமே செல்லும். இணையப் பக்கத்தின் நிரல் நிறுவிய மென்பொருளைப் போல நம் கணினியில் தங்கியிருப்பதில்லை; போகும் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து இறங்குகிறது. பாலிஃபில் என்ற பொது நிரல் தளம் 2024 பெப்ரவரியில் கைமாறி, அதே ஆண்டு ஜூனில் அதன் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணையத் தளங்களில் தீநிரல் ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அந்தத் தளங்களின் சொந்தக்காரர்கள் தங்கள் பக்கத்தில் ஒரு எழுத்தையும் மாற்றியிருக்கவில்லை. நேற்று நேர்மையாக இருந்த பக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டாவது மறுமொழி இன்னும் கூர்மையானது: நிறுவும் மென்பொருள் மட்டும் ஓட்டை இல்லாததா? இல்லைதான். வின்ராரில் 2023இல் அம்பலமான குறையை, அது வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே திருடர்கள் பயன்படுத்தி வந்தனர். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கமும் அந்த மென்பொருளுக்கு இல்லை. ஆனாலும் மென்பொருளின் ஓட்டையை வெளியாட்கள் ஆராய்கிறார்கள், அதற்கு எண் கொடுக்கிறார்கள், திருத்தம் வருகிறது. முகவரி இல்லாத ஒரு தளத்தின் சர்வருக்குள் எந்த ஆய்வாளர் எட்டிப் பார்ப்பார்? 'ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்' என்ற வாசகம்தான் அங்கே முழு உத்தரவாதமும். அழித்தார்களா என்பதை அழித்தவர்தான் சொல்ல வேண்டும். இதைப் பாதுகாப்பு என்று அழைப்பவர்கள் விளம்பரத்தை மட்டும் வாசித்தவர்கள்.

மாற்று வழி இல்லாமலா இருக்கிறது? விண்டோஸ் எக்ஸ்பி வந்த 2001 முதல் சாதாரண ஸிப் கோப்பைக் கணினியே திறக்கிறது. ஐபோனின் கோப்புச் செயலி 2019 முதல் திறக்கிறது. விண்டோஸ் 11, 2023இல் ராருக்கும் 7-ஸிப் வடிவத்துக்கும் வழிவிட்டது. ஏஇஎஸ் பூட்டுக்கு 1999 முதல் இகோர் பாவ்லோவ் இலவசமாகத் தந்துவரும் 7-ஸிப் மென்பொருள் போதும். இரண்டு மெகாபைட் அளவுகூட வராத ஒரு சிறு கோப்பு. அதை ஒரு முறை நிறுவ ஐந்து நிமிடம் போகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் வசதிக்குத்தான் இத்தனை பாராட்டும்.

தன் சொந்தக் கோப்பை ஒருவர் எங்கே ஏற்றினாலும் அது அவர் விருப்பம். கனடாவின் தனியுரிமைச் சட்டமான பிப்பீடா அதில் தலையிடுவதில்லை. வாடிக்கையாளரின் கோப்பைக் கையாளும் கணக்காளருக்கோ அடமானத் தரகருக்கோ அந்தச் சலுகை இல்லை. செயலாக்கத்துக்காக மூன்றாம் தரப்பிடம் கொடுத்த தகவலுக்கும் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்கிறது சட்டம். இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்பது கடைசியாக எஞ்சும் வாதம். நடக்கவில்லை என்பது எப்படித் தெரியும்? 2018 நவம்பர் 1 முதல், பாரதூரமான தீங்குக்கு இடமுள்ள தகவல் கசிவைத் தனியுரிமை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிப்பது கட்டாயம். அலுவலகத்துக்கே தெரிந்தால்தானே அறிவிக்கும்? கசிந்தது எங்கோ ஒரு நாட்டில், எவரோ நடத்தும் தளத்தில். அங்குள்ளவர்கள் மனம்வந்து கடிதம் எழுத நினைத்தாலும் யாருக்கு எழுதுவார்கள்? பதிவு வேண்டாம் என்பதுதானே அந்தத் தளத்தின் பெருமை. ஏற்றியவரின் பெயரைக்கூட அது கேட்டு வைக்கவில்லை.