கைப்பிடி அரிசியும் பரதேசியும்

தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் கலயம் தெரியும். உலை கொதிக்கும்போது அம்மா அரிசியை அளந்தெடுப்பார். களைவதற்கு முன் அதில் ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவார். சேர்ந்தது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். ஒரு பிடி குறைந்ததால் பிள்ளைகள் பட்டினி கிடந்ததில்லை. அந்தப் பிடி தவறியதுமில்லை. ஊர்விட்டு வந்தவர்களுக்கு எவ்வளவு செய்வது, எப்படிச் செய்வது என்ற கேள்விக்குத் திருச்சபை சொல்லிவந்த விடைகளை இந்தக் கலயத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

இன்று வசையாகிவிட்ட 'பரதேசி' என்ற சொல், நம் பழைய வேதாகமத்தில் ஆதரிக்கப்பட வேண்டிய மனிதரின் பெயர். அறுவடையில் வயலோரத்தையும் சிந்திய கதிரையும் எளியவருக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்கச் சொல்கிறது லேவியராகமம் 19. மோவாபியப் பெண் ரூத் பெத்லகேமில் பிழைத்தது அந்த ஏற்பாட்டால்தான். நிலக்காரர் வழிவிட்டார், ரூத் குனிந்து பொறுக்கினாள். மத்தேயு 25இல் ஆண்டவர் தம்மையே அந்நியராக நிறுத்துகிறார். ஆகவே கடமை உண்டா என்பதில் நமக்குள் பிணக்கில்லை. அளவைப் பற்றித்தான் மூன்று வழிகள் உருவாயின.

முதலாவது விவேக வழி. ஆதிச்சபையின் 'டிடாக்கே' என்ற போதனைநூல், வழிப்போக்கரை ஏற்கச் சொல்கிறது. இரண்டு நாள், தேவையானால் மூன்று நாள் தங்கலாம். தங்கிவிட விரும்பினால் தொழில் தெரிந்தவர் உழைக்க வேண்டும். தொழில் தெரியாதவருக்குப் பிழைக்க வழிதேடித் தருவது சபையின் பொறுப்பு. வேலை செய்ய மனதில்லாதவரைப் பவுல் கடிந்துகொண்டதும் இதே வழிதான். மனமில்லாதவரைத்தான் அவர் சொன்னார். வேலை கிடைக்காதவரையோ முடியாதவரையோ அல்ல.

இரண்டாவது, சபைப் பிதா கிறிசோஸ்தோமின் வழி. ஏழையின் நடத்தையைத் துருவாதே, தேவையே அவருடைய தகுதி என்றார் அவர். சபைக்கு விடுதி இருக்கிறதே என்று சாக்குச் சொன்னவர்களிடம், உன் வீட்டிலும் ஓர் அறை ஒதுக்கு என்றார்.

மூன்றாவது, அன்பின் ஒழுங்கு. எல்லோருக்கும் நன்மை செய்ய இயலாதபோது இடத்தாலும் காலத்தாலும் நமக்கு அருகே வந்தவரைக் கவனி என்றார் அகஸ்தீன். அக்குவினாஸ் இதை விரித்தார். 2025இல் அமெரிக்கத் துணை அதிபர் வான்ஸ் குடியேறிகள் பற்றிய விவாதத்தில் இந்தக் கோட்பாட்டை முன்வைத்தபோது, போப் பிரான்சிஸ் நல்ல சமாரியனை நினைவூட்டி ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். அருகே வந்தவர் அந்நியராகவும் இருக்கலாம் என்பதே அந்த உவமை.

வீடிழந்து வந்தவர்களை ஆதரித்ததற்கு நம் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. விசுவாசத்துக்காக வீடிழந்தவர்களுக்கு 1799இல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கிக் குடியமர்த்திய ஊர்தான் முதலூர். கஞ்சித்தொட்டியோடு நில்லாமல் காணியும் பள்ளியும் தந்ததால் அது ஊராக நிலைத்தது.

1983 கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் நமக்கு அருகே மொட்டமலை முகாமிலும் வாழ்கிறார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சேலையும் கேக்கும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வரிசையில் நின்ற ஓர் அம்மா சேலையை வாங்கி மார்போடு அணைத்தபடி கேட்டார்: "உடுப்பு கிடக்குது தம்பி. மகள் பன்னிரண்டாவது முடிச்சிட்டாள். மேல படிக்க என்ன வழியெண்டு விசாரிச்சுச் சொல்லுவியளோ?" அதற்குப் பதில் சொல்ல எங்களில் ஒருவரும் ஆயத்தமாகப் போகவில்லை.

அந்தக் கேள்வியை முன்பே கேட்டவர்கள் உண்டு. ஈழத்தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய 'ஒஃபர்' அமைப்பு, அகதிகளையே தொண்டர்களாக்கிப் பிள்ளைகளின் படிப்பை முன்னிறுத்தியது. இயேசு சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே 1980இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, உடனிருத்தல், சேவை, உரிமைக்காகப் பேசுதல் என மூன்றையும் சேர்த்தே வைத்தது.

இவற்றிலிருந்து நமக்கு நான்கு அளவுகோல்கள் கிடைக்கின்றன. முதல் நாள் கேள்வி வேண்டாம். சோறும் இடமும் மருந்தும் கொடுப்போம். அடுத்து உட்கார்ந்து பேசுவோம்: என்ன தொழில் தெரியும், என்ன சான்றிதழ் வேண்டும் என்று. இங்கு வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத்தவருக்குத் தானத்தைவிடச் சரியான கூலியும், மொழி தெரிந்த ஒருவரின் துணையும் முக்கியம். மூன்றாவது, முடிந்ததையே வாக்களிப்போம், கணக்கைச் சபையார் முன் வைப்போம். நான்காவது, உதவிக்கு விலை கேட்கக் கூடாது. ஞானஸ்நானமும் விலையாகக் கூடாது, புகைப்படமும் கூடாது. 1877 பஞ்சகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் நெல்லைச் சபைகளில் சேர்ந்தபோது, வந்தது அப்பத்துக்கா ஆண்டவருக்கா என்று எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை.

நம்மால் எவ்வளவுதான் முடியும் என்று கேட்பவர்கள் கலயத்தைப் பார்க்கட்டும். ஒரு வீட்டுக்கு அளவு ஒரு பிடிதான். அதற்குமேல் அம்மாவும் போட்டதில்லை. சபையின் அளவோ எத்தனை வீட்டில் அந்தப் பிடி விழுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஆண்டுக் கலயத்தை முகாமிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையின் கட்டணத்துக்கு ஒதுக்குவோம். அந்த அம்மாவுக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.