அரமேயிக் எண்களும் கணிப்பொறியும்: ஒரு மதிப்பீடு

பண்டைப் பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாக விளங்கியது அரமேயிக். எகிப்தின் எலிஃபன்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளில் கடன் பத்திரங்களும் கணக்குகளும் அம்மொழியில் உள்ளன. கணிப்பொறியில் உலக எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் யூனிகோடு, 2009இல் வெளியான தன் 5.2 பதிப்பில் இவ்வெழுத்துக்கும் எண்களுக்கும் இடம் தந்தது. அந்த ஏற்பாட்டை ஆராய்வோம்.

எண்களுக்குக் கிடைத்த குறியெண்கள் எட்டு: 1, 2, 3, 10, 20, 100, 1000, 10000. பூச்சியமும் இல்லை, இடமதிப்பும் இல்லை. 47 எழுத வேண்டுமா? வலமிருந்து இடமாக 20, 20, 3, 3, 1 என வரிசையாக இடுங்கள், கூட்டினால் 47. நூறு வந்தால் பெருக்கலும் சேரும். 3, அடுத்து 100 என்றால் 300. 1, 100, 3 என்றால் 103.

ஒவ்வொரு குறிக்கும் அதன் மதிப்பைப் பதிந்ததும், எழுத்துகளைப் போலவே எண்களையும் வலமிருந்து செல்லவிட்டதும் பாராட்டத்தக்கவை.

குறை எங்கே? 2 என்பது இரண்டு கோடுகள். 3 என்பது மூன்று கோடுகள். அவற்றுக்கும் தனிக் குறியெண் தந்ததால் மூன்றை நான்கு வழிகளில் பதியலாம்: 3, 2, 1, 1, 2, 1, 1, 1. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. பொறிக்கோ நான்கும் வேறு. ஒருவர் ஒரு விதமாகப் பதிந்த கடன் தொகையை, வேறு விதமாகத் தேடுபவர் காணமாட்டார். குறைந்த குறிகளால் எழுதுக என்று யூனிகோடு நூல் சொல்கிறது. ஆனால் அது மனிதருக்குச் சொன்ன விதி. நான்கும் சமம் என்று பொறிக்குச் சொல்லும் விதி இல்லை.

பினீசிய எண்களைப் பாருங்கள். 2006இல் 1, 10, 20, 100 மட்டுமே இடம்பெற்றன. 2, 3 இரண்டும் 2009இல்தான் சேர்ந்தன. எனவே குறியெண் வரிசையில் 100க்குப் பின் 2 நிற்கிறது! வழங்கிய குறியெண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. ஆகவே இது என்றும் நிலைத்துவிட்டது.

கோடுகளை மும்மூன்றாகச் சேர்த்தெழுதுவது அக்கால எழுத்தர்களின் வழக்கம்; தனிக் குறிகள் அதைக் காக்கின்றன என்பர். நியாயமே. 1 மட்டும் போதும் என்று நான் வாதிடவில்லை. சமன் விதியையும் உடன் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வெர்னியர் அளவியை மாணவர் கையில் கொடுத்தால் மட்டும் போதுமா? அளவைப் படிக்கவும் கற்றுத் தருகிறோம் அல்லவா?

நீங்களே 68ஐ எழுதிப் பாருங்கள். உங்கள் நண்பரும் எழுதட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா?