தலைகீழ்க் காடும் மஞ்சள் முகங்களும்

கியோர்க் பாஸெலிட்ஸ் என்ற ஜெர்மானியக் கலைஞரின் அறுபதாண்டு உழைப்பைப் பாரிஸின் போம்பிடூ மையம் 2021 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை கால வரிசையில் காட்சிக்கு வைத்தது. அவருடைய ஓவியம், சிற்பம், கோட்டோவியம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒன்றில் கிடைத்த பலம் அடுத்ததற்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

1938-இல் சாக்சனி மாநிலத்தின் டாய்ச்பாஸெலிட்ஸ் கிராமத்தில் பிறந்த ஹான்ஸ்-கியோர்க் கெர்ன், ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். கிழக்கு பெர்லின் கலைக்கல்லூரி வெளியேற்றியதும் மேற்கு பெர்லினுக்குப் போனார். 1963-இல் அங்கே அவர் நடத்திய கண்காட்சியில் இரண்டு ஓவியங்கள் ஆபாசமென்று பறிமுதலாயின. 1965, 66-இல் வரைந்த ‘நாயகர்கள்’ வரிசையில் கிழிந்த உடை, பெருத்த உடல், சிறுத்த தலையோடு ஆண்கள் நிற்கிறார்கள். வெற்றி பெற்றவர் அவர்களில் ஒருவருமில்லை.

திருப்புமுனை 1969-இல் வந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஓவியர் ஃபெர்டினாண்ட் ஃபான் ராய்ஸ்கியின் காட்டுக் காட்சி ஒன்றை அவர் தலைகீழாகத் தீட்டினார். முடித்த படத்தைப் புரட்டி மாட்டவில்லை. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் வரைந்தார். அதனால் மரம் தெரியும் முன்பே நிறமும் தூரிகைத் தடமும் கண்ணில் படுகின்றன. உருவத்தைக் கைவிடாமலே கதையின் பிடியைத் தளர்த்தும் இந்த வழியே அவருடைய மிகப் பெரிய சாதனை.

சிற்பத்தில் அவர் 1980-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் களமிறங்கினார். கையை உயர்த்திய மர உருவம் நாஜி வணக்கம் போலிருப்பதாகச் சர்ச்சை எழுந்தது. ரம்பமும் கோடாரியும் விட்ட தடங்களை அவர் இழைத்து மறைப்பதில்லை. ஓவியத்தில் தூரிகைத் தடம் செய்த வேலையை மரத்தில் வெட்டு செய்கிறது. இதன் உச்சம் 1989, 90-இல் உருவான ‘ட்ரெஸ்டன் பெண்கள்’. ட்ரெஸ்டன் நகரத்தின் மீதான 1945 குண்டுவீச்சுக்குப் பின் இடிபாடுகளை அள்ளிய பெண்களின் நினைவாகச் செதுக்கி மஞ்சள் பூசிய பெரிய தலைகள் அவை. ஒவ்வொரு வெட்டும் காயமாகவே நிற்கிறது. மூன்று துறைகளிலும் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு இதுதான்.

கோட்டோவியம் அவருக்கு வெறும் முன்வரைவு அல்ல. தயங்காமல் ஓடும் மைக்கோடுகளில் உருவம் பாதி தோன்றும்போதே கலையவும் தொடங்குகிறது. 2005-இல் தொடங்கிய ‘ரீமிக்ஸ்’ வரிசையில் பழைய ஓவியங்களை மெல்லிய வண்ணத்தில் விரைந்து மறுபடி வரைந்தபோது, அந்த வேகம் பெரிய கித்தானுக்கு ஏறியது. ஆனால் பலவீனமும் அங்கேதான் தெரிகிறது: எல்லா மறுவரைவுகளும் மூலத்தின் கனத்தை எட்டவில்லை.

2014-இல் வரைந்த ‘அவிஞோன்’ வரிசை அந்தக் குறையை ஈடுகட்டியது. எட்டு ஓவியங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரம், கருமையின் நடுவே தலைகீழாகத் தொங்கும் அவருடைய முதிய உடல். பிக்காசோவின் கடைசிக்கால ஓவியங்கள் 1973-இல் காட்டப்பட்ட ஊரின் பெயரைத் தாங்கிய இவற்றில் கோட்டின் வேகமும் சிற்பத்தின் உடற்கனமும் ஓவியத்துக்குள் ஒன்று சேர்கின்றன.