தையல் எங்கே விடுது?

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். அங்கே மெஷின் மெக்கானிக்கின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பாதி, காது கொடுத்துக் கேட்பது.

"மெஷின் சரியில்லண்ணா" என்றதும் நல்ல மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதில்லை.

"எங்கம்மா தையல் விடுது? நேர்லயா, வளைவுலயா?"

"தோல் மேல தோல் ஏறுற இடத்துல மட்டுந்தாண்ணா."

அந்த 'மட்டும்' போதும். தடிப்பில் ஊசி சற்றே வளைகிறது. கீழே சுழலும் கொக்கி நூல் வளையத்தைத் தவறவிடுகிறது. ஊசியை மாற்றுவார், கொக்கி வந்து சேரும் நேரத்தைப் பார்ப்பார்.

துணியென்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட துளை மூடாது. ஆகவே தையல் விடுவதற்கு முன்பே "சத்தம் மாறுதுண்ணா" என்று சொல்கிறவரின் கைத்திறனுக்கு ஈடாக அந்தக் காதையும் மதிக்கிறேன். "நீ என்ன பண்ணித் தொலைச்ச?" என்று சூப்பர்வைசர் பாயும் லைனில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள், கழிவு சேர்ந்த பிறகே தெரியவரும்.

சரிசெய்தபின் மெக்கானிக் தானே தைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவதில்லை. துண்டுத் தோலை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, அவருடைய வழக்கமான வேகத்தில், அதே தடிப்பின் மேல் ஓட்டச் சொல்கிறார்.